கம்பெனிகள் கூடும் காலம்

இரண்டு கம்பெனிகள் ஒன்றாக இணைந்துவிட்டன என்னும் செய்தி பத்திரிகையில் வரும்போது, அதனை மூவகை மக்கள் ஊன்றிப் படிக்கின்றனர். பங்கு வைத்திருப்போர் தம் பங்குக்கு என்ன விலை என்று பார்க்கின்றனர். தொழிலாளர் தம் வேலைக்கு என்ன கதி என்று பார்க்கின்றனர். அரசாங்கத்தார் எல்லாம் சட்டப்படி நடந்தனவா என்று பார்க்கின்றனர். இம்மூவருக்கும் அப்பால் நான்காவது கூட்டம் ஒன்று உண்டு. அக்கம்பெனிகள் செய்யும் பண்டத்தை வாங்கி, அதனை நம்பித் தம் தொழிலை நடத்துவோர் கூட்டம் அது. எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. ஆயினும் இணைப்புப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இராது. நேற்று வாங்கிய பண்டம் நாளையும் கிடைக்குமா என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு உடனே விடை சொல்வாரும் இரார்.

இந்த நான்காவது கூட்டத்தாரின் கதையையே இன்று நேயர்களுக்குச் சொல்லக் கருதுகிறேன். பொருநைக் கரையில் ஓர் ஆலையில் தொடங்கி, கடல் கடந்து அமெரிக்கா வரை சென்று, மீண்டும் நம் ஊர் வங்கி வாசலுக்கு வந்து சேரும் கதை அது.

திருநெல்வேலிச் சீமையில் ஆலைத் தொழில் வேரூன்றிய இடம் பாபநாசம். பொதிகை மலையினின்று இறங்கும் தாமிரபரணி, சமவெளியைத் தொடும் முன்னர் அங்கே அருவியாக வீழ்கின்றது. அந்த வீழ்ச்சியின் விசையைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர்கள், ஸ்காட்லாந்து தேசத்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர்கள். தூத்துக்குடியில் பருத்தி வணிகம் செய்துவந்த அவர்கள், பருத்தியைக் கப்பலேற்றுவதோடு அமையாது, அதனை இங்கேயே நூலாக நூற்கவும் முற்பட்டனர். ஆலையை ஓட்ட நிலக்கரி வேண்டுமானால் அது நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். நீரோ கண்முன்னே விழுந்துகொண்டிருந்தது. 1885-ஆம் ஆண்டில் விக்கிரமசிங்கபுரத்தில் திருநெல்வேலி மில்ஸ் கம்பெனியின் ஆலை நீர்விசையால் சுழலத் தொடங்கியது. 1888-இல் தூத்துக்குடியில் கோரல் மில் எழுந்தது. 1892-இல் மதுரையில் மூன்றாவது ஆலை நூற்கத் தொடங்கியது.

மூன்று ஊர்களில் மூன்று கம்பெனிகள். மூன்றையும் நடத்திய நிர்வாகம் ஒன்று. அதனால் மக்கள் வாயில் மூன்றுமே 'ஹார்வி மில்' என்றாயின. 1920-களின் இறுதியில் திருநெல்வேலி மில்லும் கோரல் மில்லும் மதுரை மில்ஸ் கம்பெனியோடு இணைக்கப்பட்டன. ஏட்டில் இருந்த மூன்று பெயர்கள் ஒரு பெயராகச் சுருங்கின. ஆயினும் விக்கிரமசிங்கபுரத்தில் சங்கு ஊதும்போது, 'மதுரைக் கம்பெனியின் சங்கு' என்று யார் சொல்லப் போகிறார்கள்? நிர்வாகம் முன்பே ஒன்றாக இருந்தமையால் அந்த இணைப்பு பெயரளவில் நிகழ்ந்த மாற்றமாகவே ஊராருக்குத் தோன்றியிருக்கும்.

இங்கே ஆலை நூலை வாங்குவோரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். மேலப்பாளையம், வீரவநல்லூர், கடையநல்லூர், புளியங்குடி முதலிய ஊர்களில் கைத்தறி நெசவு பன்னெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆலைகள் வந்தபின் கைந்நூற்பு குன்றி, நெசவாளர் ஆலை நூலை நம்பலாயினர். நூலுக்கு நம்பர் உண்டு. இருபதாம் நம்பர் நூல் தடித்தது, நாற்பது மெல்லியது, அறுபது அதனினும் மெல்லியது. நெசவாளர் தம் தறியில் பாவு இழைகள் புகுந்து செல்லுமாறு சீப்புப் போன்றதோர் அச்சை மாட்டுவர். நாற்பதாம் நம்பருக்கு ஏற்ற அச்சில் இருபதாம் நம்பர் நூலைச் செலுத்தினால் இழை உராய்ந்து அறும். அறுபதைச் செலுத்தினால் துணி கலங்கலாக வரும். ஆகவே நெசவாளர் ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்தார் என்றால், அச்சு, பாவு, துணியின் அகலம், அதனை வாங்கும் வியாபாரி ஆகிய அனைத்தையும் அதனோடு சேர்த்தே தேர்ந்தெடுத்தார் என்பது பொருள். ஆலைக்காரர் ஒரு நாள், "இனி இந்த நம்பர் நூற்பதில்லை" என்று சொல்வார்களேயானால், அது அவர்களுக்கு ஒரு வரிச் செய்தி. நெசவாளருக்கோ தறியையே மாற்றும் வேலை.

பண்டம் வேறு, பண்டத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வாழ்க்கை வேறு. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மேலே வரும் செய்திகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

அரை நூற்றாண்டு கழிந்து மற்றோர் இணைப்பு வந்தது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி நகரில் தையல் நூல் செய்து உலகெங்கும் பெயர் பெற்றது கோட்ஸ் குடும்பத்தாரின் நிறுவனம். 1974-ஆம் ஆண்டில் அதன் இந்தியக் கிளையும் மதுரை மில்ஸும் கூடி 'மதுரா கோட்ஸ்' ஆயின. தாய் நிறுவனமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1986-இல் அது வான்டோனா வியெல்லா என்னும் கம்பெனியோடு கூடிக் 'கோட்ஸ் வியெல்லா' ஆயிற்று. இந்தக் கூட்டுறவின் விளைவாகப் புதிய பண்டங்கள் பிறந்தன. லூயி பிலிப் என்னும் பெயரில் 1989-இலும், வான் ஹியூசன் என்னும் பெயரில் 1990-இலும், ஆலன் சாலி என்னும் பெயரில் 1993-இலும் இந்தியக் கடைகளில் ஆயத்த ஆடைகள் வந்தன. அவற்றைக் கொண்டுவந்தது மதுரா கோட்ஸின் ஆடைப் பிரிவே. பின்னர் 1999-இல் அந்தப் பிரிவு முழுவதும் ஆதித்ய பிர்லா குழுமத்தைச் சார்ந்த இந்தியன் ரேயான் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பாபநாசத்தில் வேரூன்றிய மரத்தின் ஒரு கிளை இவ்வாறு வேறொரு தோட்டத்தில் நடப்பட்டது.

சட்டை வாங்குவோர் இதனை அறிந்தாரா? பெரும்பாலும் அறிந்திலர், அறியவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஒரு சட்டை நின்றுபோனால் மற்றொரு சட்டை. பழைய சட்டையும் கிழியும் வரையில் உடுத்தத் தடையில்லை. ஆனால், நூல் வாங்கும் நெசவாளரின் நிலையும் சட்டை வாங்கும் கனவானின் நிலையும் ஒன்றல்ல. முன்னவர் பண்டத்தைக் கொண்டு தொழில் செய்கிறார். பின்னவர் நுகர்ந்து முடிக்கிறார். இணைப்பின் சுமை முன்னவர் தோளில்தான் இறங்குகிறது.

இன்னொரு வேறுபாடும் சொல்லத்தக்கது. இதே பகுதியில் 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெருமுயற்சியால் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. அது பெருந்துயரம். ஆயினும் அக்கப்பலை நம்பிச் சரக்கேற்றிய தூத்துக்குடி வணிகருக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: இனி அக்கப்பல் வாராது. கம்பெனி மூடப்படுவதில் துக்கம் உண்டு, ஐயம் இல்லை. இணைவதிலோ துக்கம் உண்டா என்பதே ஐயம். பண்டம் இருக்கலாம், இல்லாது போகலாம். மேலும் சிறக்கலாம், மெல்ல வாடலாம். இந்த 'லாம்' என்னும் விகுதியில்தான் நான்காவது கூட்டத்தார் காலம் கழிக்கவேண்டியிருக்கிறது.

நம் காலத்தில் இந்த 'லாம்' மிகக் கடுமையாக வெளிப்பட்ட துறை மென்பொருள் துறை. பெரிய நிறுவனங்கள் தம் சம்பளப் பட்டியல், சரக்கிருப்பு, கொள்முதல், வரவு செலவு, வரி ஆகியவற்றையெல்லாம் கணினியில் நடத்த உதவும் மென்பொருளை நிறுவன மென்பொருள் என்கிறோம். இதனை வாங்குவது ஒரு பீரோ வாங்குவது போன்றதன்று. முதலில் உரிமத்துக்கு ஒரு தொகை. பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒரு தொகை. அது உரிமத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியிருப்பது வழக்கம். இப்பராமரிப்பு எதற்கு என்று கேட்கலாம். 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நம் நாட்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அன்று காலை கடை திறந்த வணிகர், அதற்கேற்பத் திருத்தப்படாத மென்பொருளை வைத்திருந்தால், முறையாக ஒரு விலைப்பட்டியல் போட்டிருக்க இயலாது. சட்டம் மாறுந்தோறும் மென்பொருளும் மாறியாகவேண்டும். அதனைச் செய்தவரே திருத்தித் தரவேண்டும். செய்தவர் கைவிட்டால், பண்டம் கெடாமலே பயனற்றதாகிவிடும். மேலும் அந்நிறுவனத்தின் குமாஸ்தாக்கள் பழகியதும், பல்லாண்டுக் கணக்குகள் எழுதப்பட்டதும் அம்மென்பொருளின் முறையில்தான். நெசவாளருக்கு அச்சு எப்படியோ, நிறுவனத்துக்கு மென்பொருள் அப்படி.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் 1977-இல் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்னும் மென்பொருள் கம்பெனி தோன்றியது. நடுத்தரத் தொழிற்சாலைகளின் கணக்கு வேலைக்கு அதன் மென்பொருள் பெயர் பெற்றது. கலிபோர்னியாவில் 1987-இல் டேவ் டஃபீல்டு, கென் மாரிஸ் என்னும் இருவர் பீப்பிள்சாஃப்ட் என்னும் கம்பெனியை நிறுவினர். ஊழியர் பதிவேடு, சம்பளம் ஆகியவற்றுக்கு அவர்களுடைய மென்பொருள் சிறந்து விளங்கிற்று. இவ்விரண்டினும் பெரியது, லாரி எலிசன் தலைமையில் வளர்ந்த ஆரக்கிள் கம்பெனி.

2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் தேதி, திங்கட்கிழமை. ஜே. டி. எட்வர்ட்ஸைத் தாம் வாங்குவதாகப் பீப்பிள்சாஃப்ட் கம்பெனியார் அறிவித்தனர். அதே வாரம் வெள்ளிக்கிழமை, ஜூன் 6-ஆம் தேதி, பீப்பிள்சாஃப்ட்டையே தாம் வாங்க விரும்புவதாக ஆரக்கிள் கம்பெனியார் அறிவித்தனர். விற்க விரும்பாதாரிடம் அவர்தம் பங்குதாரர் வழியாக விலை பேசும் முறை அது. ஜே. டி. எட்வர்ட்ஸ் மென்பொருளை வாங்கியிருந்த ஒரு தொழிற்சாலை முதலாளியின் நிலையை நினைத்துப் பாருங்கள். திங்களன்று அவர் பீப்பிள்சாஃப்ட்டின் வாடிக்கையாளர் ஆகப் போகிறார் என்றனர். வெள்ளியன்று ஆரக்கிளின் வாடிக்கையாளர் ஆனாலும் ஆகலாம் என்றனர். அவரோ இருந்த இடத்திலேயே இருந்தார்!

ஆரக்கிள் கம்பெனியார் தொடக்கத்தில் சொன்னது இது: பீப்பிள்சாஃப்ட் மென்பொருளைப் புதியவர்களுக்கு முனைந்து விற்கப் போவதில்லை, முன்பே வாங்கியவர்களுக்குப் பராமரிப்பு உண்டு, காலப்போக்கில் அவர்கள் ஆரக்கிளின் சொந்த மென்பொருளுக்கு மாறிக்கொள்ளலாம். மாறுவது எளிதா என்பதை, அச்சு மாற்றிய நெசவாளரைக் கேட்டால் தெரியும். பீப்பிள்சாஃப்ட் கம்பெனியாரும் சும்மா இருக்கவில்லை. தம் கம்பெனி கைமாறிப் பராமரிப்பும் குறைந்துபோனால், உரிமத்துக்குக் கொடுத்த தொகையைப் போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை திருப்பித் தருவதாக வாடிக்கையாளருக்கு எழுத்து மூலம் உறுதி கொடுத்தனர். வாங்குவோரின் அச்சத்தைத் தணிக்க மட்டுமன்றி, கம்பெனியை வாங்க வந்தவரைத் தயங்கச் செய்யவும் அவ்வுறுதி பயன்பட்டது. ஒரே தாளில் மருந்தும் வேலியும் இருந்தன எனலாம்.

போராட்டம் ஒன்றரை ஆண்டு நீடித்தது. 2004 பிப்ரவரியில் அமெரிக்க நீதித் துறையினர் போட்டி குன்றும் என்று சொல்லி வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பு ஆரக்கிளுக்குச் சாதகமாயிற்று. டிசம்பர் 13-ஆம் தேதி பீப்பிள்சாஃப்ட் இணங்கியது. விலை ஏறத்தாழ 1,030 கோடி டாலர். முதலில் பேசிய விலையைப் போல் இருமடங்கு. 2005 ஜனவரியில் இணைப்பு முடிந்து, அம்மாதமே இரு கம்பெனிகளிலுமாகச் சேர்ந்து 5,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவிக்கப்பட்டது.

அதன்பின் பண்டம் என்னாயிற்று? பீப்பிள்சாஃப்ட், ஜே. டி. எட்வர்ட்ஸ் ஆகிய இரண்டு மென்பொருள்களுக்கும் 2013 வரை பராமரிப்பு உண்டு என்று ஆரக்கிள் நாள் குறித்துச் சொன்னது. பல மென்பொருள்களின் நல்லியல்புகளைத் திரட்டிப் புதிதாக ஒன்று செய்யப்போவதாகவும் சொன்னது. அப்புதியது பரவலாகக் கிடைக்க 2011 ஆயிற்று. இடையே 2006-இல், பழைய மென்பொருள்களைக் கால எல்லையின்றி வளர்த்துவரப் போவதாக அறிவித்தது. சொன்ன 2013-உம் வந்து போயிற்று. அந்த இணைப்பு நிகழ்ந்து இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் பீப்பிள்சாஃப்ட் என்னும் மென்பொருள் அப்பெயருடனே பராமரிக்கப்பட்டு வருகிறது. கம்பெனி மறைந்தது, பண்டம் நின்றது. அதனை நிறுவிய டஃபீல்டோ, 2005-ஆம் ஆண்டிலேயே அனில் பூஸ்ரியுடன் சேர்ந்து வொர்க்டே என்னும் புதிய கம்பெனியைத் தொடங்கிவிட்டார்.

"அஞ்சியது நடக்கவில்லையே, பின் எதற்கு இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். அஞ்சியது நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அச்சத்துக்கு ஆன செலவு நடந்துவிட்டதே! ஒரு நிறுவனத்தார் புதிய மென்பொருள் வாங்குவதைத் தள்ளிப்போட்டால், அத்தனை மாதமும் பழைய முறையில் வேலை தேங்குகிறது. மற்றொருவர் அஞ்சி வேறொரு மென்பொருளுக்கு மாறினால், பெரும்பொருளும் ஓரிரு ஆண்டு உழைப்பும் கழிகின்றன. அம்மென்பொருளிலேயே தேர்ச்சி பெற்ற இளைஞர், தம் கல்வி செல்லாக்காசாகுமோ என்று கலங்குகின்றனர். இறுதியில் பண்டம் பிழைத்தது என்பதனால் இச்செலவுகள் திரும்பி வருவதில்லை. பயிர் பிழைத்தாலும், மழை வருமோ வாராதோ என்று விதைக்காமல் விட்ட வயல் தரிசுதானே?

இனி, கம்பெனியார் ஏன் வாய் திறப்பதில்லை என்பதையும் நடுநிலையாக ஆராயவேண்டும். முதற்காரணம் சட்டம். போட்டியிடும் இரு கம்பெனிகள், இணைப்பு முற்றுப்பெறும் முன்னரே கூடியமர்ந்து இந்தப் பண்டத்தை நிறுத்துவோம், அதை வைத்துக்கொள்வோம் என்று திட்டமிடுவதைப் பல நாடுகளின் சட்டங்கள் தடுக்கின்றன. இரண்டாவது காரணம் அறியாமை. வாங்கிய வீட்டின் அறைகளைத் திறந்து பார்த்த பின்புதானே எந்தச் சுவரை இடிக்கலாம் என்று சொல்லமுடியும்? மூன்றாவது காரணம் வணிகம். ஒரு பண்டம் நிற்கப் போகிறது என்று சொன்ன மாத்திரத்தில் அதன் விற்பனை நின்றுவிடும். அதைச் செய்யும் வல்லுநர் வேறிடம் தேடுவர். ஆகவே மௌனம் அவர்களுக்கு ஆதாயம். முதல் இரண்டு காரணங்களை நான் குறை சொல்லமாட்டேன். மூன்றாவதைப் பற்றியே என் முறையீடு. அங்கே விற்பவரின் ஆதாயமும் வாங்கியவரின் நட்டமும் ஒரே மௌனத்தில் அடங்கியிருக்கின்றன.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். பீப்பிள்சாஃப்ட்டை வாங்கி முடித்த அதே 2005-ஆம் ஆண்டில், இந்தியாவின் ஐ-ஃபிளெக்ஸ் கம்பெனியில் சிட்டிகுரூப் வைத்திருந்த பங்குகளை வாங்க ஆரக்கிள் முன்வந்தது. வங்கிகளின் கணக்குகளை நடத்தும் 'ஃபிளெக்ஸ்கியூப்' என்னும் மென்பொருளைச் செய்தது ஐ-ஃபிளெக்ஸ். அதன் பெயர் 2008-இல் ஆரக்கிள் பெயராக மாறிற்று. ஃபிளெக்ஸ்கியூப் என்னும் பண்டத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. இந்த மென்பொருளில்தான் கனரா வங்கியின் கணக்குகள் நடந்தன. சிண்டிகேட் வங்கியின் கணக்குகளும் நடந்தன. 2019 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, பொதுத்துறை வங்கிகள் பத்து, நான்காக இணையும் என்று மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேரும் என்றார். எந்த வங்கி எந்த வங்கியோடு என்பதற்குச் சொல்லப்பட்ட பொருத்தங்களுள் ஒன்று, சேரும் வங்கிகளின் மென்பொருள் ஒன்றாக இருப்பது! கனராவும் சிண்டிகேட்டும் ஃபிளெக்ஸ்கியூப். இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் டாட்டா கன்சல்டன்சியின் 'பான்க்ஸ்'. திருமணத்துக்கு நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பது போல் வங்கிகளுக்கு மென்பொருள் பொருத்தம் பார்த்தனர் எனலாம்.

பொருத்தம் இருந்தும் வேலை எளிதாக முடியவில்லை. 2020 ஏப்ரல் முதல் தேதி வங்கிகள் சட்டப்படி இணைந்தன. இந்தியன் வங்கியும் அலகாபாத் வங்கியும் தம் கணினி முறைகளை ஒன்றாக்கி முடித்தது 2021 பிப்ரவரியில். சிண்டிகேட் வங்கியின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் செல்லாதனவாக ஆனது 2021 ஜூலை முதல் தேதியிலிருந்து. அதாவது, காகிதத்தில் ஒரே நாளில் நடந்த கூடல், கணக்கேட்டில் நடக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் மக்கள் மனத்தில் எழுந்த கேள்விகள் யாவை? பழைய செக்குப் புத்தகம் செல்லுமா? பென்ஷன் எந்தக் குறியீட்டில் வரும்? வெளிநாட்டில் இருக்கும் மகன் எந்த எண்ணுக்குப் பணம் அனுப்பவேண்டும்? பணம் போய்விடுமோ என்பதன்று அச்சம். வழி மாறிவிடுமோ என்பதே அச்சம்.

ஆயினும் இங்கே ஒரு நன்மை நிகழ்ந்தது. அதனையும் சொல்வதே முறை. பழைய குறியீடு இன்ன தேதி வரையில் செல்லும், அதன்பின் செல்லாது என்று வங்கியினர் நாள் குறித்து அறிவித்தனர். அந்த ஒரு தேதி தெரிந்தவுடன் பென்ஷன்காரரும் வணிகரும் ஆகவேண்டியதைச் செய்துகொண்டனர். பீப்பிள்சாஃப்ட் கதையிலும் வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தது, '2013 வரை' என்று ஒரு காலவரையறை சொல்லப்பட்டபோதுதான். நல்ல செய்தியா, தீய செய்தியா என்பது அடுத்த விஷயம். தேதியோடு கூடிய செய்தியா என்பதே முதல் விஷயம். இதுவே இவ்வரலாற்றிலிருந்து நான் கற்ற பாடம்.

ஆகவே ஒரு பண்டத்தை நம்பித் தொழில் நடத்துவோர், விற்பவரோடு உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே மூன்று கேள்விகளைக் கேட்டு, விடையைப் பத்திரத்தில் எழுதி வாங்கிவைத்தல் நலம். இப்பண்டத்துக்கு எந்த ஆண்டு வரையில் பராமரிப்பு உறுதி என்பது ஒன்று. கம்பெனி கைமாறினால் அவ்வுறுதி புதியவரையும் கட்டுமா என்பது இரண்டாவது. என் கணக்குகளை வேறிடம் கொண்டுபோக நேர்ந்தால், பிறர் படிக்கத்தக்க முறையில் அவற்றை எனக்குத் தருவீர்களா என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. தறி அவருடையதாயினும் பாவு நம்முடையது. அதை அறுக்காமல் கழற்றிக்கொள்ளும் வழி நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இக்கேள்விகள் நம் பகுதிக்கு இருவகையில் உரியன. பண்டத்தை வாங்குவோர் மட்டுமல்லர், செய்வோரும் இப்போது இங்கே இருக்கின்றனர். தாமிரபரணியில் வந்து கலக்கும் சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதியில், 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருள் வேலை நடந்துவருகிறது. 1996-இல் வேறு பெயரில் தொடங்கிய அந்நிறுவனம், 2009-இல் ஜோஹோ என்னும் பெயரைச் சூடியது. பாபநாசத்து நூல் ஒரு காலத்தில் எங்கெங்கோ தறிகளில் ஓடியது போல, மத்தளம்பாறையில் எழுதப்படும் மென்பொருள் இன்று எந்த நாட்டுக் கடையின் கணக்கிலோ ஓடுகிறது. தூரதேசத்து நெசவாளர்களின் அச்சு இப்போது நம் கையில் இருக்கிறது. பண்டம் வாங்கியவரின் கவலை என்ன என்பதை அறிந்த ஊர், பண்டம் செய்யும்போதும் அதனை மறவாதிருத்தல் வேண்டும்.

தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உண்டு. பாண்டியர், நாயக்கர், நவாபு, கம்பெனியார், ஆங்கில அரசாங்கம், குடியரசு என்று நாடு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. அவ்வொவ்வொரு மாற்றத்தின்போதும் பாசனக்காரர் கேட்ட கேள்வி, அரியணையில் யார் என்பதன்று. கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டா, உண்டெனில் என்று மடை திறக்கும் என்பதே. ஜூன் முதல் தேதி என்று ஒரு நாள் வழக்கில் நின்றமையால், அதனை நம்பி நாற்றங்கால் அமைந்தது, விதைநெல் நனைந்தது. நீர் குறைந்த ஆண்டில், "இவ்வாண்டு காருக்கு இல்லை; பிசானத்துக்குத்தான்" என்று முன்னரே சொல்லிவிட்டால், உழவர் அதற்கும் வகை செய்துகொள்வார். சொல்லாமல் விட்டால்தான் விதை வீணாகும். ஆலையாயினும், வங்கியாயினும், கணினியில் ஓடும் மென்பொருளாயினும், கூடிக் கலக்கும் கம்பெனிகள் தம்மை நம்பியிருப்போருக்குச் செலுத்தவேண்டிய முதற்கடன், மடை திறக்கும் நாளையும் அடைக்கும் நாளையும் முன்கூட்டிச் சொல்லிவிடுவதே.